இடது காது மட்டும் ஈக்வலைஸ் ஆக மாட்டேங்குது, ஓபன் வாட்டர் கோர்ஸ் சேரலாமா?

உப்புக்காத்து (கோவை):

எல்லாருக்கும் வணக்கம். போன சீசன்ல அந்தமான்ல ஹேவ்லாக் தீவுக்குப் போனப்ப கரையில இருந்தே கூட்டிட்டுப் போற ட்ரை டைவ் ஒண்ணு பண்ணேன். சர்டிஃபிகேட் எல்லாம் கிடையாது, நம்ம சிலிண்டரைப் பின்னாடி இருந்து அவங்களே பிடிச்சுக்கிட்டு பிசிடியையும் (காத்து ஏத்தி இறக்கி மிதக்கவும் மூழ்கவும் வைக்கற ஜாக்கெட்) அவங்களே கன்ட்ரோல் பண்ணி கூட்டிட்டுப் போவாங்கல்ல, அதுதான். கரைக்குப் பக்கத்துல இடுப்பளவு தண்ணியில ப்ராக்டிஸ் பண்ணப்ப ஈக்வலைஸ் பண்ண, அதாவது காதுக்குள்ள அழுத்தத்தைச் சமன்படுத்த, மூக்கைப் பிடிச்சு ஊதினா ரெண்டு காதும் பட்டுன்னு திறந்துச்சு, ஆனா உள்ள போகப் போக வலது காது ஒழுங்கா இருக்கு, இடது பக்கம் மட்டும் அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்துல ஊசி குத்துற வலி. கையை ஆட்டி காதைக் காட்டினேன், கூட வந்தவர் ஒரு நிமிஷம் நிறுத்தி ஊது ஊதுன்னு சைகை காட்டினாரே தவிர மேல ஏத்தல, அப்படியே கீழ கூட்டிட்டுப் போயிட்டார். அவர் மணிக்கட்டுல இருந்த கம்ப்யூட்டர்ல பாத்தேன், வலி ஆரம்பிச்சப்ப 4 மீட்டர் கூட இல்ல.

மேல வந்ததும் இடது காது அடைச்சுப் போச்சு, நான் பேசறது எனக்கே மண்டைக்குள்ள எதிரொலிக்குது. ஊருக்குத் திரும்பறப்ப ஃப்ளைட் இறங்கும்போது மறுபடி அதே வலி. ரத்தம், சீழ்னு எதுவும் வரல, கொஞ்ச நாள்ல தானா சரியாயிடுச்சு.

இப்ப பாண்டிச்சேரியில ஓபன் வாட்டர் (ஸ்கூபா டைவிங்கோட ஆரம்ப சர்டிஃபிகேட் கோர்ஸ்) சேரலாம்னு இருக்கேன், அதுல 18 மீட்டர் வரைக்கும் போகணும்ங்கிறாங்க. 4 மீட்டருக்கே இந்தக் கதின்னா 18 மீட்டருக்கு நாலு மடங்கு வலிக்குமா? எனக்கு தூசி அலர்ஜி உண்டு, காலையில எழுந்தா தும்மல்தான். ஜலதோஷ மாத்திரை போட்டுட்டு இறங்கலாமா, இல்ல காதுல பிளக் வச்சுக்கலாமா, இல்ல என் காதோட அமைப்பே டைவிங்குக்கு லாயக்கில்லையா? கடலுக்கடியில பாத்தது கண்ணுக்குள்ளயே நிக்குது, விட மனசு வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பவளத்திட்டு:

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க, எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு. இறங்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி மூக்குல சொட்டு மருந்து விட்டுக்கிட்டு, கீழ போய் நல்லா தம் கட்டி ஊதுங்க, ஒரு கட்டத்துல திறந்துக்கும். நான் இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் பண்றேன், ஒண்ணும் ஆகல.


நீலக்கரை (அந்தமான், டைவ் இன்ஸ்ட்ரக்டர்):

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். காதைக் காட்டி சைகை பண்ணினா கூட இருக்கறவர் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், வலி போற ஆழத்துக்கு உங்களை மேல ஏத்தறது. அங்கேயே நிறுத்தி வச்சு ஊது ஊதுங்கறது தப்பு. ட்ரை டைவ்ல வர்றவங்களுக்கு பிசிடி பட்டன் கூட கையில இருக்காது, அதனால அந்தப் பொறுப்பு முழுக்க கூட்டிட்டுப் போறவரோடது.

18 மீட்டர்னு பயப்படாதீங்க, அங்க கணக்கு வேற. கரையில நம்ம மேல 1 அட்மாஸ்ஃபியர் அழுத்தம், 10 மீட்டர்ல 2, 20 மீட்டர்ல 3. கடல்மட்டத்துல நடுக்காதுக்குள்ள இருக்கற காத்து 10 மீட்டர் போறதுக்குள்ள பாதியாச் சுருங்கிடும், ஆனா 10ல இருந்து 20க்குப் போறப்ப பாதியில இருந்து மூணுல ஒரு பங்குக்குத்தான் சுருங்கும். அதாவது காதுக்கு அதிக வேலை முதல் 10 மீட்டர்ல, அதுலயும் முதல் 5 மீட்டர்ல. அங்க ஒழுங்கா சமாளிச்சுட்டா மிச்சம் சுலபம், 12 மீட்டரைத் தாண்டி கீழ போனவங்க காதைப் பத்தி நினைக்கறதே கம்மி, எப்பவாவது ஒரு தடவை பண்ணினா போதும். நீங்க மாட்டினது எல்லாரும் மாட்டற இடம்தான்.

இப்ப செய்ய வேண்டியது. வலி வந்தப்புறம் ஈக்வலைஸ் பண்றதுங்கறதே லேட். படகுல உக்காந்திருக்கும்போதே ஒரு தடவை பண்ணிப் பாருங்க, ரெண்டு காதும் திறக்குதான்னு தெரிஞ்சுக்கத்தான். அப்புறம் மேல மிதந்துக்கிட்டு இருக்கும்போது, தலை தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஒண்ணு. தலை உள்ள போன உடனே ஒண்ணு. அதுக்கப்புறம் முதல் 5 மீட்டருக்கு ஒவ்வொரு அரை மீட்டருக்கும், அழுத்தம் தெரியுதோ இல்லையோ, மெதுவா. தெரிஞ்சப்புறம் பண்ணிக்கலாம்னு காத்திருக்கறதுலதான் பாதிப் பேர் மாட்டறாங்க.

கால் கீழ, தலை மேல வச்சு இறங்குங்க. தலைகீழா போனா மூக்குப் பின்பக்கம் ரத்தம் சேர்ந்து வீங்கி குழாய் இன்னும் இறுகும். பாண்டில படகுல போய் நங்கூரக் கயித்தையோ மிதவைக் கயித்தையோ பிடிச்சு இறங்குவாங்க, அது உங்களுக்கு ரொம்ப வசதி, ஒரு கையில கயிறு, ஒரு கையில மூக்கு, திறக்கலைன்னா அங்கேயே நின்னுக்கலாம். பிடிவாதம் பிடிக்கற இடது காதை மேல் பக்கம் பாக்கற மாதிரி, அதாவது வலது தோள் பக்கமா தலையைச் சாய்ச்சு, தாடையைக் கொஞ்சம் முன்னாடி தள்ளி பண்ணுங்க, பல பேருக்கு அந்த ஒரு சாய்வுலயே திறந்துடும். அப்பவும் இல்லையா, ஒரு மீட்டர் மேல ஏறி மறுபடி. அங்கயும் இல்லையா, அன்னைக்கு டைவ் கிடையாது. யார் முகத்தையும் பாக்க வேண்டாம், குடுத்த காசையும் பாக்க வேண்டாம்.

காது பிளக் வைக்கவே கூடாது. பிளக்குக்கும் காது ஜவ்வுக்கும் நடுவுல கொஞ்சம் காத்து மாட்டிக்கும், அதை சமன்படுத்த வழியே கிடையாது, ஜவ்வு வெளிப்பக்கமா இழுபடும், பிளக் உள்ள போய் இறுகிக்கும். நீச்சல் கண்ணாடி போட்டு ஆழத்துக்குப் போகக் கூடாதுங்கறதும் இதே காரணம்தான், டைவிங் மாஸ்க்குல மூக்கு உள்ள இருக்கறதால மூக்கு வழியா லேசா ஊதி மாஸ்க்கை சரிபண்ணிக்கலாம், கண்ணாடியில முடியாது.

பவளத்திட்டு சொன்ன "தம் கட்டி ஊதுங்க"வை தயவுசெஞ்சு கேக்காதீங்க. அதைப் பத்தி டாக்டர் யாராவது வந்து சொல்லட்டும்.


ஈஎன்டி மதுரை:

நீலக்கரை சொன்னது எல்லாம் சரி. நான் உடம்புக்குள்ள நடக்கறதை மட்டும் சொல்றேன், அது புரிஞ்சா தம் கட்டற ஆசையே போயிடும்.

நடுக்காதுல இருந்து மூக்கோட பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகுது, யூஸ்டேஷியன் குழாய், பெரியவங்களுக்கு சுமாரா மூணரை சென்டிமீட்டர் நீளம். சாதாரணமா அது மூடியேதான் இருக்கும். எச்சில் முழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணாக்குப் பக்கம் இருக்கற தசை இழுத்து ஒரு நொடி திறந்துவிடும், காதுல க்ளிக்னு கேக்கறது அதுதான். மூக்குப் பக்கம் இருக்கற அந்த வாய் மெத்துனு இருக்கும், அதை நனைஞ்ச பாலிதீன் கவரோட வாய்னு வச்சுக்கங்க. உள்ள இருந்து காத்து தள்ளினா தானா விலகும், வெளிய இருந்து அழுத்தினா இன்னும் ஒட்டிக்கும். அதனாலதான் மேல ஏறும்போது பெரும்பாலும் நாம எதுவும் செய்யாமலே காது சரியாகுது, இறங்கும்போது மட்டும் நாம திறந்துவிட வேண்டியிருக்கு. ஃப்ளைட் ஏறும்போது பேசாம இருந்துட்டு இறங்கும்போது வலிச்சதும் இதே கதைதான்.

இப்ப முக்கியமான இடம். வெளியில அழுத்தம் உள்ள இருக்கறதைவிட சுமார் 90 மில்லிமீட்டர் மெர்க்குரி அதிகமாயிட்டா, அந்தக் குழாயைத் தசையால திறக்க முடியாது, பூட்டிக்கும். 90 மில்லிமீட்டர்ங்கறது தண்ணியில வெறும் 1.2 மீட்டர் சொச்சம். ஒரு ஆள் உயரம் கூட இல்ல. ஈக்வலைஸ் பண்ணாம அவ்வளவு இறங்கிட்டா அதுக்கப்புறம் எவ்வளவு ஊதினாலும் கதவு இறுகறதுதான் மிச்சம், அதுக்கு ஒரே சாவி மேல ஏறறது. அப்பவும் கீழயே இருந்தா நடுக்காதுல வெற்றிடம் இழுக்கறதால சுத்தியிருக்கற சவ்வுல இருந்து நீரும் ரத்தமும் கசிஞ்சு அந்த இடத்தை நிரப்பும். உப்புக்காத்துக்கு சில நாள் காது அடைச்சு குரல் எதிரொலிச்சது பெரும்பாலும் இதுதான், நடுக்காது பரோட்ராமா, அதாவது அழுத்த வித்தியாசத்தால வர்ற காயம். டைவிங்ல வர்ற காயங்கள்ல ரொம்ப சாதாரணமா பாக்கறது இதைத்தான். இன்னும் கீழ போயிருந்தா ஜவ்வு கிழியும், சிலருக்கு ஒண்ணரை ரெண்டு மீட்டர் வித்தியாசத்துலயே கிழியும்.

தம் கட்டி ஊதறதுல இதைவிட மோசமான ஆபத்து இருக்கு. நெஞ்சை முக்கி ஊதும்போது மூளையைச் சுத்தியிருக்கற நீரோட அழுத்தமும் ஏறும், அது உள்காதுக்குப் போகும், குழாய் பூட்டியிருந்தா நடுக்காதுல எதிர்த்து நிக்க அழுத்தம் இருக்காது, அப்ப ரவுண்ட் விண்டோன்னு ஒரு மெல்லிய சவ்வு இருக்கு, அது பிய்ஞ்சு உள்காது திரவம் கசியலாம். திடீர்னு கேட்கும் திறன் போறது, காதுக்குள்ள ஓயாத இரைச்சல், தலைசுத்தல். ஜவ்வு கிழிஞ்சா பெரும்பாலும் சில வாரங்கள்ல மூடிக்கும், ஆனா உள்காதுல போன கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். அதனால ஊதறதா இருந்தா மென்மையா, அஞ்சு செகண்டுக்கு மேல இல்லாம.

சொட்டு மருந்து பத்தி. ஆக்ஸிமெட்டாசொலின் வகை சொட்டு வீக்கத்தைக் குறைக்கறது உண்மைதான். ஆனா அதோட வேலை நீங்க கீழ இருக்கும்போது தீர்ந்துட்டா சவ்வு திரும்ப வீங்கி மேல ஏறும்போது காத்து வெளிய வர முடியாம மாட்டிக்கும். இறங்கும்போது வலிச்சா மேல ஏறலாம், ஏறும்போது வலிச்சா எங்க போவீங்க, சிலிண்டர்ல காத்து தீர்ந்துக்கிட்டு இருக்கும்ல. தொடர்ந்து நாலஞ்சு நாள் விட்டா மருந்தே அடைப்பைக் கூட்டவும் செய்யும். ஜலதோஷம் இருந்தா மருந்து போட்டு இறங்காதீங்க, இறங்காதீங்கன்னுதான் சொல்றேன். அலர்ஜிக்கு ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே வேற விஷயம், அது உடனே வேலை செய்யாது, சில வாரம் தினமும் அடிக்கணும், கோர்ஸுக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்து ஆரம்பிச்சா உங்களுக்கு நல்ல வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம்.


முத்துநகர்:

நான் தூத்துக்குடி. எங்க தெருவுல சங்கு குளிச்ச பெரியவங்க பலருக்கு காது மந்தம், பக்கத்துல போய் சத்தமா பேசணும். அந்தக் காலத்துல முத்துப்பாருக்கு (முத்துச்சிப்பி கிடைக்கற கடலடித் திட்டு) போறவங்க காலுக்குக் கல்லு கட்டின கயித்துல நின்னுக்கிட்டு ஒரே மூச்சுல விறுவிறுன்னு இறங்குவாங்க, நடுவுல நிறுத்தி நிதானமா காதைத் திறக்கறதெல்லாம் முடியுமா. முத்துக்குளி இங்க 1961ஓட முடிஞ்சு போச்சு, சங்கு குளிக்கிறது இன்னும் நடக்குது, இப்ப படகுல கம்ப்ரஸர் வச்சு ட்யூப்ல காத்து வாங்கிக்கிட்டு நாள் பூரா கீழயே கிடக்கறாங்க, அது வேற ஆபத்து. எங்க பெரியப்பா சொல்வார், ஒரு தடவை காது உடைஞ்சு ரத்தம் வந்துட்டா அப்புறம் வலியே இருக்காது, அதுக்கப்புறம்தான் ஒருத்தன் குளியாளுன்னு. டாக்டர் சார், அது நிஜமா? கேட்டு ரொம்ப நாளா மனசுல இருக்கு.


ஈஎன்டி மதுரை:

அண்ணே, வலி இருக்காதுங்கறது நிஜம், ஏன்னா ஓட்டை வழியா தண்ணியே உள்ள போய் அழுத்தத்தை சமன்படுத்திடும். பிலிப்பைன்ஸ், மலேசியா, இந்தோனேசியா பக்கம் பஜாவ்னு கடலை நம்பி வாழற மக்கள்லயும் சின்ன வயசுலயே ஜவ்வை உடைச்சுக்கற பழக்கம் இருந்திருக்கு. ஆனா அதுக்கு அவங்க குடுத்த விலைதான் நீங்க தெருவுல பாக்கற காது மந்தம். ஓட்டை வழியா கடல்தண்ணி போகப் போக நடுக்காதுல சீழ் பிடிக்கும், ஓட்டை மூடாது, கேட்கும் திறன் குறைஞ்சுக்கிட்டே வரும். இன்னொண்ணு, உடையற அந்த நிமிஷமே ஆபத்து. குளிர்ந்த தண்ணி ஒரு பக்க நடுக்காதுக்குள்ள மட்டும் போனா உள்காதுல பேலன்ஸ் குழம்பி தலை கிறுகிறுன்னு சுத்தும், மேல எது கீழ எதுன்னு தெரியாது, வாந்தி வரும். தண்ணி உடம்புச் சூட்டுக்கு வந்தப்புறம்தான் சுத்தல் நிக்கும். அந்த நேரத்துல கையில கிடைக்கறதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். ஒரே மூச்சுல இறங்கின மனுஷனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. உங்க பெரியப்பா தலைமுறைக்கு வேற வழி இல்லாம இருந்தது, நமக்கு இருக்கு.


ஒத்தமூச்சு (ஃப்ரீடைவிங்):

உப்புக்காத்து, நீங்க கத்துக்கிட்ட மூக்கைப் பிடிச்சு ஊதற முறைக்கு வல்சால்வான்னு பேர், 1700கள்ல இருந்த இத்தாலி உடற்கூறு மருத்துவர் பேரு அது. அது மோசம்னு சொல்லல, ஆனா அது மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. ஃப்ரீடைவிங்ல, அதாவது சிலிண்டர் இல்லாம ஒரே மூச்சுல இறங்கறதுல, நாங்க தலைகீழாதான் போறோம், நெஞ்சுல இருந்து காத்தைத் தள்ளற முறை அங்க சீக்கிரமே கைவிட்டுடும், 30 மீட்டர்ல நுரையீரல் காத்து கால்வாசியாச் சுருங்கிடும், ஊத நெஞ்சுல என்ன இருக்கும். அதனால எல்லாரும் ஃப்ரென்ஸல்ங்கற முறையைப் பழகறோம். ஹெர்மன் ஃப்ரென்ஸல்னு ஜெர்மன் டாக்டர், ரெண்டாம் உலகப்போர் காலத்துல செங்குத்தா பாயற போர் விமானம் ஓட்டறவங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தார். இதுல நெஞ்சுக்கு வேலையே இல்ல, நாக்குதான் தள்ளுது, அதனால டாக்டர் சொன்ன ரவுண்ட் விண்டோ ஆபத்தும் ரொம்பக் குறைவு. ஸ்கூபா பண்றவங்களும் பழகிக்கிட்டா அவ்வளவு நல்லது.

வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பண்ணுங்க. மூக்கைப் பிடிங்க. வாயில கொஞ்சம் காத்து வச்சுக்கங்க, அப்புறம் கனமான மூட்டையைத் தூக்கறப்ப தொண்டை தானா அடைபடும்ல, அப்படி தொண்டையை அடைங்க. நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னாடி "த்" சொல்ற இடத்துல ஒட்டிட்டு, நாக்கோட பின்பாதியை "க்" சொல்றதுக்குப் போற மாதிரி மேல தூக்கித் தள்ளுங்க. சரியா பண்ணினா விரலுக்குள்ள மூக்கு ரெண்டு பக்கமும் லேசா உப்பும், தொண்டைக்குழி மணி மேல ஏறி இறங்கும், காது ரெண்டும் க்ளிக். இன்னொரு கையை வயித்து மேல வச்சுக்கங்க, வயிறோ நெஞ்சோ அசைஞ்சா நீங்க இன்னும் வல்சால்வாதான் பண்றீங்க. பாதி மூச்சு வெளிய விட்டுட்டு அப்பவும் பண்ண முடியுதான்னு பாருங்க, அது வந்துட்டா நாக்கு வேலை செய்யுதுன்னு அர்த்தம். முதல்ல வராது, எரிச்சலா இருக்கும், பல்லு விளக்கறப்ப, பஸ்ல போறப்ப கொஞ்சம் கொஞ்சமா பழகுங்க, ஆனா காது நோகற அளவுக்கு நாள் பூரா பண்ணாதீங்க. வந்துட்டா ஒரு நொடிக்கு ஒண்ணு பண்ணலாம், வல்சால்வால அது முடியாது.

பாரசீக வளைகுடாவுல முத்துக் குளிச்சவங்க மூக்குல கொம்புல செஞ்ச ஒரு கிளிப் மாட்டிக்கிட்டு இறங்குவாங்க, ஃபிதாம்னு பேரு. கை ரெண்டும் வேலைக்கு வேணும்ல. இன்னைக்கு நாங்க போடற நோஸ் கிளிப்பும் அதே வேலைதான் செய்யுது.


உப்புக்காத்து (கோவை):

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ரொம்ப நன்றி. ஒத்தமூச்சு அண்ணா சொன்னதைக் கண்ணாடி முன்னாடி பண்ணிப் பாத்தேன், வயிறு அசையாம வர நேரம் எடுத்துச்சு, ஆனா இப்ப வருது, வலது பக்கம் உடனே க்ளிக், இடது பக்கம் ஒரு செகண்ட் கழிச்சு மந்தமா. தலையை வலது பக்கம் சாய்ச்சா ரெண்டும் கிட்டத்தட்ட சேர்ந்தே வருது. 1.2 மீட்டர்ல பூட்டிக்கும்னு படிச்சதும்தான் ஹேவ்லாக்ல நடந்தது புரிஞ்சது, நான் ஊதவே ஆரம்பிச்சது வலிச்சப்புறம்தான், யாரும் முன்னாடியே பண்ணுன்னு சொல்லல.

ரெண்டு சந்தேகம். கோர்ஸுக்கு முன்னாடி ஈஎன்டி பாத்தா என்ன டெஸ்ட் கேக்கணும்? டைவ் சென்டர்ல இதையெல்லாம் சொன்னா சேத்துக்க மாட்டேன்னு சொல்லிடுவாங்களா, சொல்லாம விட்டா தப்பா?


ஈஎன்டி மதுரை:

காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்து ஜவ்வு முழுசா இருக்கா, பின்னாடி நீர் இருக்கான்னு பாப்பாங்க. மூக்கைப் பிடிச்சு முழுங்கச் சொல்லி ஜவ்வு அசையுதான்னு நேர்லயே பாக்கச் சொல்லுங்க, அதுதான் உங்களுக்கு முக்கியம். டிம்பனோமெட்ரி எடுப்பாங்க, காது ஜவ்வு அழுத்தத்துக்கு எப்படி அசையுதுன்னு பாக்கற டெஸ்ட், அஞ்சு நிமிஷ வேலை, வலி இல்ல. கேட்கும் திறனை அளக்கற ஆடியோகிராமும் ஒண்ணு எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி எப்பவாவது காதுல பிரச்சனை வந்தா முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஒப்பிட அது வேணும். மூக்குத் தண்டு வளைஞ்சிருக்கா, அலர்ஜி எந்த அளவுல இருக்குன்னும் பாக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் மந்தமா இருக்கறதுக்கு அது காரணமா இருக்கலாம்.

டைவ் முடிஞ்சு தலைசுத்தலோ, இரைச்சலோ, கேக்கறது குறைஞ்ச மாதிரியோ இருந்தா அன்னைக்கே டாக்டர், நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க, மூக்கைச் சிந்தாதீங்க, ஃப்ளைட் ஏறாதீங்க. வெறும் அடைப்பு மட்டும்னா அது முழுசா போகற வரைக்கும் தண்ணிக்குள்ள தலை வைக்க வேண்டாம்.


பவளத்திட்டு:

டாக்டர் சொன்னதைப் படிச்சேன். ஏறும்போது மாட்டிக்கும்ங்கறது எனக்கு யாரும் சொன்னதில்ல. சொட்டு இல்லாம பண்ணிப் பாக்கறேன், ஃப்ரென்ஸலும் பழகறேன்.


நீலக்கரை (அந்தமான், டைவ் இன்ஸ்ட்ரக்டர்):

சொல்லாம விடறது தப்பு தம்பி. சேரும்போது ஒரு மெடிக்கல் ஃபார்ம் குடுப்பாங்க, அதுல காது, சைனஸ் பத்தி கேள்வி இருக்கும், ஆமாம்னே போடுங்க. ஆமாம்னு போட்டா டாக்டர் கையெழுத்து கேப்பாங்க, அவ்வளவுதான், நீங்க ஏற்கனவே ஈஎன்டி பாத்திருந்தா அந்த ஃபார்மையும் கையோட கொண்டு போய் கையெழுத்து வாங்கிடுங்க. அதுக்காக உங்களை ஒதுக்கற சென்டரா இருந்தா வேற சென்டர் பாத்துக்கலாம்.

சேரறதுக்கு முன்னாடி இன்ஸ்ட்ரக்டர்கிட்ட நேரா கேளுங்க, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர், இறங்கறதுக்குக் கயிறு உண்டா, எனக்கு இடது காது லேட்டா திறக்கும் எனக்காக மெதுவா இறங்க முடியுமான்னு. முகம் சுளிக்காம பதில் சொல்றவரா பாருங்க. கூட இறங்கற மத்தவங்க சீக்கிரம் போயிடறாங்களேன்னு அவசரப்படக் கூடாது, அதனால உங்களை முதல்ல இறக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை பிசிடி பட்டன் உங்க கையில இருக்கும், வலிச்சா யார் அனுமதிக்கும் காத்திருக்காம கொஞ்சம் மேல ஏறிக்கங்க, கயித்தைப் பிடிச்சுக்கிட்டு. நீச்சல்குளத்துல பண்ற செஷன்ல ஆழமான பக்கத்துல இந்தச் சாய்வையும் ஃப்ரென்ஸலையும் நிறைய தடவை பண்ணிப் பாத்துட்டு கடலுக்குப் போங்க, பெரும்பாலான குளத்துல 3 மீட்டர் இருந்தா அதிகம், ஆனா பழக அது போதும்.

ஸ்ப்ரே ஆரம்பிச்சு சில வாரம் ஆகணும்னு டாக்டர் சொல்லியிருக்கார்ல, கோர்ஸ் தேதியை அதுக்கேத்த மாதிரி தள்ளிப் போடுங்க.